டான் யோடர் மாணவர் பரிசு: மக்கள் சமயத்தை ஆராய்பவர்களுக்கு ஒரு மதிப்புரை

1888-இல் தொடங்கப்பட்ட அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் கழகமும் அதன் உட்பிரிவுகள் பலவும் மாணவர் ஆக்கங்களுக்கெனத் தனித்தனியே பரிசு வைத்திருக்கின்றன. உணவு வழக்காறுகளை எழுதுவோருக்கு சூ சாமுவேல்சன் பெயரில் ஒன்று, குழந்தைகளின் பாட்டையும் விளையாட்டையும் ஆராய்வோருக்கு டபிள்யூ. டபிள்யூ. நியூவெல் பெயரில் ஒன்று, ஆப்பிரிக்க அமெரிக்க வழக்காறுகளுக்கு ஸோரா நீல் ஹர்ஸ்டன் பெயரில் ஒன்று என்று அந்த வரிசை நீள்கிறது. அவற்றுள் மக்கள் நம்பிக்கைகள், சமய வாழ்வியல் ஆகியவற்றுக்கான உட்பிரிவு முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களின் கட்டுரைக்கு வழங்கும் டான் யோடர் பரிசைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். இந்தத் துறையில் கட்டுரை எழுதும் மாணவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் சமயவியலோ மானிடவியலோ படிக்கும் தமிழ் மாணவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் பரிசு இது.

பரிந்துரைப்பதற்குப் பணம் காரணமன்று. கோயில் கருவறையைப் பற்றி எழுதினால் சமயவியல் துறை ஏற்றுக்கொள்கிறது. சாதி அமைப்பைப் பற்றி எழுதினால் மானிடவியல் துறை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் ஒரு மூதாட்டி தன் பேரனுக்குக் கண்ணேறு கழிக்கும்போது எதை நினைத்துக்கொள்கிறாள், எந்தச் சொல்லை எத்தனை முறை சொல்கிறாள், அதை யாரிடம் கற்றாள் என்று பத்துப் பக்கம் எழுதினால், இரண்டு துறைகளும் அதை அடுத்த துறையின் வேலை என்று கைகாட்டிவிடுகின்றன. நல்ல கட்டுரைகள் இப்படி நடுவில் நின்று வீணாவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணேறு கழித்தலையே முழுப் பொருளாக எடுத்துக்கொண்டு, அது சரியாகப் பதிவுசெய்யப்பட்டிருக்கிறதா, சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறதா என்று மதிப்பிடும் தகுதி உடையவர்கள் படிக்கும் இடம் ஒன்று வேண்டும். இந்தப் பரிசு அந்த இடத்தைத் தருகிறது.

பரிசுக்கு யார் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்கு எழுதுவது வீண் முயற்சி. டான் யோடர் 1921-இல் பென்சில்வேனியாவின் அல்டூனா நகரில் பிறந்து 2015-இல் மறைந்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்தவர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மன் பேசும் நிலங்களிலிருந்து வந்து குடியேறிய பென்சில்வேனிய ஜெர்மானியரின் வாழ்க்கையே அவருடைய வாழ்நாள் ஆய்வுப்பொருள். 1949-இல் லங்காஸ்டர் நகரின் ஃபிராங்க்ளின் அண்டு மார்ஷல் கல்லூரியில் ஆல்ஃபிரட் ஷூமேக்கர், ஜே. வில்லியம் ஃப்ரே ஆகிய இருவரோடும் சேர்ந்து அந்த மக்களின் வழக்காறுகளுக்கென ஓர் ஆய்வு மையத்தையும் ஓர் இதழையும் தொடங்கினார். அதற்கு அடுத்த ஆண்டு குட்ஸ்டவுனில் அவர்கள் தொடங்கிய நாட்டார் விழா இன்றளவும் கோடைதோறும் நடக்கிறது. பாட்டு, உடை, உணவு, களஞ்சியச் சுவரில் வரையும் நட்சத்திரம், கல்லறைக்கல், ஜெபம் எல்லாம் ஒரே வாழ்க்கையின் பகுதிகள் என்பது அவர் கொண்ட நிலைப்பாடு. சமயத்தை மட்டும் தனியே பிய்த்தெடுத்து எழுதிய கட்டுரை, அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதப்பட்டிருந்தாலும், அவர் பெயரிலான பரிசுக்குப் பொருத்தமாக இராது என்பது என் கருத்து.

1974-இல் யோடர் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளமாக அமைந்தது. நாட்டார் சமயம் என்பதற்கு வரையறை தேடும் அந்தக் கட்டுரையில் அவர் பின்னோக்கிச் சென்று, 1901-இல் பவுல் டிரெவ்ஸ் என்ற ஜெர்மன் லூத்தரன் போதகர் எழுப்பிய கவலையைச் சுட்டிக்காட்டுகிறார். இறையியல் கல்லூரியில் படித்து முடித்துக் கிராமத்துச் சபைக்கு வரும் இளம் போதகருக்குத் தன் சபையார் உண்மையில் எதை நம்புகிறார்கள் என்பது தெரிவதில்லை. அவர் படித்த சமயம் ஒன்று, அவர்கள் வாழும் சமயம் வேறொன்று. இந்த இடைவெளியைக் கடக்க அவர் மக்களிடம் போய்ப் பாடம் கேட்க வேண்டும் என்பது டிரெவ்ஸின் வாதம். ஒரு துறையின் தொடக்கம் மக்களைத் திருத்த வேண்டும் என்ற எண்ணத்தில் அமையாமல், படித்தவருடைய அறியாமையைப் போக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அமைந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அதிகாரபூர்வமான இறையியலுக்கும் வழிபாட்டு முறைக்கும் புறம்பாகவும் அவற்றோடு இணையாகவும் மக்களிடையே வழங்கும் சமயக் கருத்துகள், நடைமுறைகள் அனைத்தின் தொகுதியே நாட்டார் சமயம் என்று யோடர் வரையறுத்தார். ‘இணையாகவும்’ என்ற பகுதியைப் பல மாணவர்கள் கவனியாமல் விட்டுவிடுகிறார்கள். தேவாலயத்துக்கு எதிரானதையோ கோயிலுக்கு எதிரானதையோ தேடிப் போவது இந்தத் துறையின் வேலையன்று.

எதிராக நிற்காமல் இணையாக இயங்குவது எப்படியிருக்கும் என்பதற்கு, யோடர் ஊன்றி ஆராய்ந்த பென்சில்வேனிய ஜெர்மானியரின் மந்திர வைத்தியத்தைப் பார்க்கலாம். தீக்காயம், படர்தாமரை, அக்கி, மரு, நிற்காத இரத்தம் என்று வருபவருக்கு வைத்தியர் கைகளை உடம்பின் மேலாக நகர்த்தி, பிறர் காதில் விழாதபடி தணிந்த குரலில் சில சொற்களைச் சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்ற மூன்று நாமங்களால் முடிப்பார். பெரும்பாலும் மூன்று முறை இதைச் செய்வார். இரத்தத்தை நிறுத்துவதற்கு எசேக்கியேல் 16-ஆம் அதிகாரத்தின் 6-ஆம் வசனம் சொல்லப்பட்டது. இரத்தத்தில் கிடப்பவரைக் கண்டு ‘பிழைத்திரு’ என்று இறைவன் சொல்லும் வசனம் அது. இதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. மனமுவந்து கொடுப்பதை வாங்கிக்கொள்ளலாம். ஆண் பெண்ணுக்கும் பெண் ஆணுக்குமாக மாற்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது பரவலாக இருந்த விதி. 1820-இல் ரெடிங் நகரில் ஜான் ஜார்ஜ் ஹோமன் என்பவர் இந்த மந்திரங்களையும் மருந்துகளையும் தொகுத்து ஜெர்மன் மொழியில் அச்சிட்டார். அந்த நூலைத் தன்னோடு வைத்திருப்பவர் நீரில் மூழ்கமாட்டார், நெருப்பில் வேகமாட்டார் என்று நூலே உறுதி கூறுகிறது. அவ்வகையில் அந்த நூலும் ஒரு காப்பு. பரலோகத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் கடிதங்களைச் சட்டம் போட்டு வீட்டுச் சுவரில் மாட்டிவைத்தவர்களும், மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போர்முனைக்குப் போனவர்களும் ஞாயிறுதோறும் தவறாமல் தேவாலயத்துக்குப் போன கிறிஸ்தவர்கள்தாம்.

நம் ஊர்ப் பார்வை மந்திரிப்பவரையும் வேப்பிலை அடிப்பவரையும் அறிந்த வாசகருக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘உலகெங்கும் மக்கள் ஒன்றே’ என்று முடிக்கும் கட்டுரை இந்தப் பரிசுக்குப் போதாது. எந்த வசனம், எந்த நோய்க்கு, யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள், கூலி வாங்காததற்கு அவர்களே சொல்லும் காரணம் என்ன என்ற அளவுக்கு இறங்கி எழுதப்பட்ட கட்டுரைதான் இந்தத் துறையில் நிற்கும். யோடரின் எழுத்தில் கருத்தியல் அலங்காரம் குறைவு, சான்று மிகுதி. அவர் பெயரிலான பரிசைக் குறிவைப்பவர் இந்த விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அதே நேரத்தில், யோடர் சொன்னதை அப்படியே ஒப்பிப்பதும் பயன்படாது. அவருடைய மாணவரான லியனார்ட் பிரிமியானோ 1995-இல் எழுதிய கட்டுரையில் ஆசிரியரின் வரையறையையே கேள்விக்குள்ளாக்கினார். அதிகாரபூர்வமான சமயம் ஒன்று, அதற்கு வெளியே மக்களின் சமயம் ஒன்று என்று பிரித்தால், முதலாவது அசலாகவும் இரண்டாவது அதன் எச்சமாகவும் ஆகிவிடுகிறது. உண்மையில் அந்த ‘அசல்’ சமயத்தைத் துளியும் மாறாமல் வாழ்கிற மனிதர் ஒருவரும் இல்லை. பாதிரியாரும் பேராயரும்கூடத் தம் தாய் சொல்லிக்கொடுத்ததையும் தம் பயத்தையும் தம் ஆசையையும் கலந்துதான் சமயத்தை வாழ்கிறார்கள் என்றார் அவர். ஆகவே மனிதர்கள் சமயத்தை எதிர்கொண்டு, புரிந்துகொண்டு, பொருள்கூறி, கடைப்பிடிக்கும் விதத்தில் வாழ்கிற சமயத்தையே ஆராய வேண்டும் என்பது அவருடைய முடிவு. இன்று ஆய்வாளர் பலரும் இந்த வழியில்தான் போகிறார்கள். ஆசிரியரின் பெயரில் ஒரு பரிசு இருக்க, அந்த ஆசிரியரை மறுத்த மாணவரின் வழியில் எழுதும் கட்டுரைக்கும் அதில் இடம் இருக்கிறது என்பது இந்தத் துறையின் நலத்துக்கு நல்ல அடையாளம். நாட்டார் சமயம் என்ற சொல்லைக் கட்டுரையில் எடுத்தாளும் மாணவர் யாராயினும், அதை ஏன் எடுத்தாளுகிறார் என்பதற்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ‘சிறுதெய்வம்’, ‘பெருந்தெய்வம்’ என்ற பாகுபாட்டைக் கேள்வி கேட்காமல் எடுத்தாளும் தமிழ்க் கட்டுரைகளுக்கும் பிரிமியானோவின் மறுப்பு அப்படியே பொருந்தும்; தன் குலதெய்வத்தைச் சிறிது என்று அந்தக் குடும்பத்தார் ஒருபோதும் சொல்வதில்லை.

இந்தத் துறையில் கட்டாயம் படிக்க வேண்டிய மற்றொருவர் டேவிட் ஹஃபோர்டு. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் 1970-களின் தொடக்கத்தில் அவர் கேட்டுப் பதிவுசெய்தது நமக்கு நன்கு தெரிந்த ஓர் அனுபவம்: இரவில் விழிப்பு வருகிறது, கை கால் அசையவில்லை, அறைக்குள் யாரோ வருகிற காலடியோசை கேட்கிறது, நெஞ்சின்மேல் பாரம் ஏறி அமுக்குகிறது. அந்தத் தீவில் அதைக் கிழவி வந்து அமுக்குவதாகச் சொல்கிறார்கள். நம் ஊரில் அமுக்குவான் பேய். கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் இப்படி ஓர் அனுபவம் வருகிறது என்று அதுவரை படித்தவர்கள் எளிதாகச் சொல்லிவந்தார்கள். ஆனால் அந்தக் கதையை ஒருபோதும் கேட்டிராதவர்களும் அதே காலடியோசையையும் அதே பாரத்தையும் வரிக்கு வரி விவரிப்பதை ஹஃபோர்டு கண்டார். 1982-இல் அதை நூலாக வெளியிட்டார். உறக்க முடக்கம் என்று மருத்துவம் பெயரிட்டிருக்கும் நிலையோடு அவர் அதைப் பொருத்திக் காட்டினார். ஆனாலும் பெயரிட்டதோடு விளக்கம் முடிந்துவிட்டதாக அவர் எண்ணவில்லை. சொல்பவர் தன் அனுபவத்தைச் சரியாகவே சொல்கிறார் என்று முதலில் எடுத்துக்கொண்டு, பிறகு ஆராய வேண்டும் என்ற ஒழுக்கத்தை அவர் இந்தத் துறைக்குக் கொடுத்தார். மாணவர் கட்டுரைகளை நான் படிக்கும்போது முதலில் தேடுவது இந்த ஒழுக்கத்தைத்தான். சாமி வந்து ஆடிய பெண்மணியின் பேச்சை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, மன அழுத்தம் என்றோ அதிகாரத்துக்கு எதிரான குரல் என்றோ எட்டுப் பக்கம் விளக்கும் கட்டுரையில், அந்தப் பெண்மணி எங்கே போனார் என்று கேட்கத் தோன்றுகிறது.

தயாரிப்புக்கு வேண்டிய பொருளில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 1949-இல் தொடங்கிய அந்த இதழ் பிற்பாடு ‘பென்சில்வேனியா ஃபோக்லைஃப்’ என்ற பெயரில் 1990-களின் பிற்பகுதிவரை வெளிவந்தது. யோடர் அதன் ஆசிரியராகவும் பல ஆண்டுகள் இருந்தார். காலேஜ்வில் நகரின் அர்சைனஸ் கல்லூரி அதன் பழைய இதழ்களை வருடி எடுத்து இணையத்தில் எவரும் படிக்கும்படி வைத்திருக்கிறது. இதழ் வாரியாகப் பிடிஎஃப் கோப்புகளாக இருப்பதால், ஒரு கட்டுரையைத் தேடிப் போகிறவர் அதற்கு முன்னும் பின்னும் உள்ள விளம்பரங்களையும் படங்களையும் வாசகர் பகுதிகளையும் பார்க்கும்படி ஆகிறது. எனக்கு அது ஒரு நன்மையாகவே படுகிறது. அந்த இதழ்களில் மாணவர் கட்டாயம் பார்க்க வேண்டியது யோடர் தொடர்ந்து வெளியிட்டுவந்த வினாப்பட்டியல்கள். சாவுச் சடங்கு, மந்திர வைத்தியம், பண்டிகை என்று இதழுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, வாசகர்களே தங்கள் நினைவிலிருந்து எழுதி அனுப்பும்படி கேள்விகளை அடுக்கியிருப்பார். நீங்கள் நம்புகிறீர்களா என்று எடுத்த எடுப்பில் கேட்கமாட்டார். உங்கள் பகுதியில் இதைச் செய்தவர்கள் உண்டா, என்ன சொல்லி அழைப்பார்கள், எந்த நாளில் செய்வார்கள், உங்கள் பெற்றோர் என்ன சொன்னார்கள் என்ற போக்கில் கேட்பார். களத்துக்குப் போகுமுன் இப்படியான வினாப்பட்டியல் ஒன்றைத் தன் பொருளுக்குத் தகத் தானே எழுதிப் பார்க்கும் மாணவருக்கு, கட்டுரையின் பாதி வேலை அப்போதே நடந்துவிடுகிறது.

இனி, குறைகளைச் சொல்ல வேண்டும். பரிசு எழுதி முடித்த கட்டுரைக்கு உரியது. ஆனால் இந்தத் துறையில் செலவெல்லாம் கட்டுரைக்கு முன்பே வந்துவிடுகிறது. திருவிழா நடக்கிற பத்து நாளும் ஊரில் தங்குவதற்கும், பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்குவதற்கும், சொன்னவரிடம் திரும்பப் போய் வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்பதற்கும் பணம் வேண்டும். வசதியுள்ள துறையில் படிக்கும் மாணவருக்கு இது எளிது. உதவித்தொகையை மட்டும் நம்பிப் படிப்பவருக்கு எளிதன்று. மாணவர் பரிசுகள் அனைத்துக்கும் பொதுவான குறை இது. இந்தப் பரிசும் இதற்கு விலக்கில்லை. இளநிலை மாணவர்களுக்கும் இதில் இடமில்லை. சொந்த ஊர் வழக்காறுகளைப் பற்றி மிகப் புதிய விவரங்களோடு வருபவர்கள் பெரும்பாலும் அவர்களே என்பது என் அனுபவம். முதுநிலைக்கு வருவதற்குள் கோட்பாட்டுச் சொற்கள் கைவந்துவிடுகின்றன; பாட்டியிடம் உட்கார்ந்து கேட்கிற பொறுமை பலரிடம் குறைந்துவிடுகிறது.

இரண்டாவது குறை மொழி பற்றியது. அமெரிக்கக் கழகம் என்பதால் கட்டுரை ஆங்கிலத்தில் படிக்கப்படும், மதிப்பிடப்படும். தமிழில் நிகழ்ந்த நேர்காணலை ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘சாமி இறங்குச்சு’, ‘அம்மை வார்த்திருக்கு’, ‘காப்புக் கட்டியாச்சு’ என்ற பேச்சுகளில் உள்ள துல்லியம் கரைந்துபோகிறது. அம்மை நோயை ‘வார்த்திருக்கு’ என்று சொல்லும் வீட்டில் யாரும் மருந்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். வீட்டுக்கு வந்திருக்கும் தாயை எப்படிக் குளிர்விப்பது என்றுதான் பேசுவார்கள். இதை ஆங்கிலத்தில் ‘நோய் வந்திருக்கிறது’ என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால் ஆய்வுப்பொருளே கைநழுவிவிடும். ஆகையால் தமிழ் மாணவர்களுக்கு நான் சொல்வது, சொன்னவரின் தமிழ்ப் பேச்சை அப்படியே கட்டுரைக்குள் கொண்டுவந்து, அதன் கீழே மொழிபெயர்ப்பைத் தர வேண்டும் என்பதே. பக்கம் கூடினாலும் பரவாயில்லை. கோட்பாட்டுப் பகுதியில் குறைத்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பொருளை எடுத்துக்கொள்வதானால் எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு, யோடரின் வரையறையையும் பிரிமியானோவின் மறுப்பையும் ஒருங்கே சோதித்துப் பார்க்கத்தக்க இடமாக வேளாங்கண்ணியைச் சொல்வேன். ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் முடியும் அந்தத் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்தே வருபவர்களில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு. மொட்டை போடுகிறார்கள், பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் கட்டுகிறார்கள், குணமான உறுப்பின் உருவத்தை வெள்ளியில் வாங்கிச் செலுத்துகிறார்கள். கண் சரியானவர் கண்ணையும் கால் சரியானவர் காலையும் காணிக்கையாக வைப்பதைப் பார்க்கும்போது, இது அதிகாரபூர்வமான கத்தோலிக்கமா, மக்கள் வழக்கமா என்ற கேள்விக்கு அங்கே இருப்பவர் யாரும் பதில் தேடிக்கொண்டிருக்கவில்லை என்பது விளங்கும். பேராலயமும் அந்தக் காணிக்கைகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. நிறுவனமும் மக்களும் ஒரே வெள்ளித் தகட்டை எப்படி வேறுவேறாகவும் ஒன்றாகவும் பார்க்கிறார்கள் என்று பொறுமையாக எழுதப்பட்ட ஒரு கட்டுரை, இந்தப் பரிசின் எல்லைக்குள் மிகச் சரியாக வந்து அமரும். வேளாங்கண்ணி முழுவதையும் எழுத முயலக் கூடாது. ஒரு குடும்பம், ஒரு நேர்த்திக்கடன் போதும்.

எந்தப் பரிசுக்கு அனுப்புவது என்ற குழப்பமும் மாணவர்களுக்கு வருகிறது. ஆடிக்கூழைப் பற்றிய கட்டுரை உணவுப் பிரிவுக்கும் போகலாம், இந்தப் பிரிவுக்கும் வரலாம். கூழ் காய்ச்சும் முறை, பங்கிடும் முறை, அதைச் செய்யும் பெண்களின் கூட்டுழைப்பு ஆகியவற்றில் கட்டுரையின் கனம் இருந்தால் சாமுவேல்சன் பரிசை நாடுவது நல்லது. அம்மனுக்கும் கூழுக்கும் இடையே மக்கள் காணும் உறவில் கனம் இருந்தால் யோடர் பரிசே உரியது. எழுதி முடித்த பிறகு தலைப்பை மட்டும் மாற்றி அனுப்புவதால் பயன் இல்லை. யாருக்காக எழுதுகிறோம் என்பது முதல் நேர்காணலின்போதே தெளிவாக இருக்க வேண்டும். கழகத்தின் ஆண்டுக் கூட்டம் வழக்கமாக இலையுதிர் காலத்தில் நடப்பதால், தை, மாசி மாதத் திருவிழாக்களில் களப்பணி செய்பவருக்குப் பதிவை எழுத்தாக்கவும் ஊருக்குத் திரும்பப் போய்ச் சரிபார்க்கவும் போதிய அவகாசம் இருக்கும். ஆடி மாதத்துப் பொருளை எடுத்தவர் அடுத்த ஆண்டுக்கு என்று வைத்துக்கொண்டு நிதானமாக எழுதுவதே முறை. பக்க அளவும் கடைசி நாளும் அந்தந்த ஆண்டின் அறிவிப்பில் வரும். அதைப் பார்த்துவிட்டு, சொன்னவர்களின் ஒப்புதலைப் பெற்ற பிறகே கட்டுரையை அனுப்ப வேண்டும்.